எந்த மைல்?

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் ஆழத்துக்குப் பாகம், படகுக்கு அடி, மீனுக்குக் கிலோ. 1958-இல் மெட்ரிக் அளவை தேசத்தில் புகுந்தும் பழைய அளவைகள் விடைபெறவில்லை. இதனால் நஷ்டமொன்றுமில்லை, பாகமென்பது விரித்த இரு கைகளின் நீளமாகையால், அதை யாரும் மறப்பதற்கில்லை.

‘மைல்’ விஷயம் அப்படியன்று. தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாதென விதித்தது. தரை மைலாக எண்ணினால் அது 4.83 கிலோமீட்டர், கடல் மைலாக எண்ணினால் 5.56. இடையிலுள்ள ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டரும் சிறு வலைக்காரரின் ஜீவனமன்றோ!

எடை குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். அலைமேல் எல்லை குறைந்தால் யார் காட்டுவது? அவ்வெல்லையைக் கிலோமீட்டரிலும் எழுதிக் குப்பந்தோறும் பலகையில் வைக்கவேண்டுமென்பதே நம் அபிப்பிராயம்.