கோடையில் ஓர் இயந்திரப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இஸ்ரோ 2019 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்காகக் கோடையில் நடத்திவரும் 'யுவிகா' என்னும் இளம் விஞ்ஞானிப் பயிற்சி போற்றத்தக்கதே. எனினும், தேசமனைத்திலுமிருந்து சில நூறு பேருக்கே அது வாய்க்கிறது. மாறாக, நிதி ஆயோக்கின் திட்டப்படி பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நல்கி நிறுவப்பெற்ற அடல் டிங்கரிங் கூடங்களோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. சென்சார், மோட்டார், முப்பரிமாண அச்சுப்பொறி முதலியன கொண்ட அக்கூடங்களை விடுமுறையிலும் திறந்து, அண்டைக் கிராமத்துப் பிள்ளைகளையும் அனுமதித்தால் ரோபோ வித்தை எமக்கும் எட்டும்.

அங்கே கற்பிக்க ஆளும் அருகிலேயே உண்டு. 1957-இல் நேரு தொடங்கிவைத்த, எங்கள் ஊரருகே உள்ள நெய்வேலிச் சுரங்கத்தில், வாளிகள் கோத்த இராட்சதச் சக்கரங்கள் மண்ணை வாரிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டுவதைக் கேள்வியுற்றே வளரும் எங்கள் சிறுவர்களுக்கு, அவ்வியந்திரங்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற பொறியாளர்களைவிடச் சிறந்த ஆசிரியர் எவர்?

கோடை இங்கே முந்திரி அறுவடைக் காலம். பிள்ளைகள் காலையில் கொட்டை பொறுக்கச் செல்வர். ஆகவே வகுப்பைப் பிற்பகலில், கட்டணமின்றி, தமிழிலேயே நடத்துமாறு கல்வித்துறையினரையும் நெய்வேலிச் சுரங்க நிர்வாகத்தினரையும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
முத்தாண்டிக்குப்பம்