பனிக்குப் பின்னே பணப்பை

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும். அமெரிக்காவிலே வானத்திலிருந்து பனி விழுகிறதோ இல்லையோ, செல்போனில் பனி கொட்ட ஆரம்பித்துவிடுகிறது. பனி மூடிய வீடு, பனியிலே செய்த பொம்மை மனிதன், சிவப்புக் குல்லாய் அணிந்த குழந்தை, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. படத்துக்குப் படம் அடியிலே ஒரு வால்: #ஸ்னோடே, #ஒயிட்கிறிஸ்மஸ், #லெட்இட்ஸ்னோ! எந்த வாலை ஒட்டினால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். "இதை ஒட்டு, விழாக்காலத்தில் உன் சரக்கு விற்கும்" என்று கடைக்காரர்களுக்கு உபதேசமும் செய்கிறார்கள்.

இதென்ன பெரிய சங்கதி, பனியைக் கண்ட சந்தோஷத்தில் நாலு பேர் படம் போடுகிறார்கள், இதிலுமா வர்க்கப் போராட்டம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பனியைக் கண்டு ஜனங்கள் மகிழ்வதில் நமக்கு ஆட்சேபமே இல்லை. அந்த மகிழ்ச்சியைக் காசாக்குவது யார் என்பதுதான் நமது கேள்வி.

ஹேஷ்டேக் எனப்படும் இந்த வால் எப்படி வந்தது? 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார். ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லின் முன்னால் # அடையாளத்தைப் போட்டால், சிதறிக் கிடக்கும் பேச்செல்லாம் ஓரிடத்தில் சேருமே என்றார். கம்பெனிக்காரர்கள் முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டியாகோ வட்டாரத்தில் காட்டுத்தீ பரவியது. தீ பற்றிய செய்திகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள #சான்டியாகோபயர் என்ற வால் கைகொடுத்தது. மெசினா தமது யோசனைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆக, ஆபத்து வேளையில் ஜனங்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள உதவிய பொதுச் சொத்து இது.

பொதுச் சொத்து என்றால் முதலாளியின் கண் படாமல் இருக்குமா?

ஒரு காலத்தில் நமது ஊர்களில் புதுப் படம் வந்தால், கொட்டகைக்காரர் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கடித்து, நோட்டீஸ் வீசச் செய்வார். வண்டிக்காரனுக்குக் கூலி உண்டு. தமுக்கடித்தவனுக்குக் கூலி உண்டு. தட்டி சுமந்த பையனுக்கு ஓசி டிக்கெட்டாவது கிடைத்தது. இன்று நடப்பது என்ன? மனிதன் தன் சொந்தப் போனில், தன் கைக்காசில் டேட்டா போட்டு, தன் பிள்ளையின் படத்தையே தட்டியாக்கிச் சுமக்கிறான். கூலி, நாலு 'லைக்'!

எதைப் பார்க்கிறோம், எதில் கண் நிற்கிறது, எதைத் தேடுகிறோம் என்பதையெல்லாம் கம்பெனி கணக்கெடுக்கிறது. பனிப் படத்தில் நின்றவனுக்குக் கம்பளிக் கோட்டு விளம்பரம், விமான டிக்கெட் விளம்பரம் வந்து விழுகிறது. இன்ஸ்டாகிராமை 2012-ல் 100 கோடி டாலருக்கு பேஸ்புக் விலை பேசியது. மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்ட அந்தக் கம்பெனியின் 2024-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 16,400 கோடி டாலர். அதில் 16,000 கோடிக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. பனிப் படம் எடுத்தவனுக்கும், அதற்கு வால் ஒட்டியவனுக்கும் அதில் எத்தனை காசு பங்கு?

பனியை விற்பது அமெரிக்க முதலாளிகளுக்குப் புதிய தொழிலல்ல. 1939-ல் சிகாகோவின் மான்ட்கோமரி வார்டு கம்பெனி, கிறிஸ்மஸ் கூட்டத்தைத் தன் கடைகளுக்கு இழுப்பதற்காகத் தன் விளம்பரப் பிரிவு ஊழியர் ராபர்ட் மேயை ஒரு கதை எழுதச் சொன்னது. மூடுபனியில் வண்டிக்கு வழிகாட்டும் சிவப்பு மூக்கு மான் ருடால்ப் பிறந்தது அப்படித்தான். அந்த ஆண்டு மட்டும் 24 லட்சம் பிரதிகளை இலவசமாக வழங்கினார்கள். அதே ஆண்டில், கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று கடை முதலாளிகள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நன்றி கூறும் திருநாளையே ஒரு வாரம் முன்னே தள்ளிவைத்தார்! (மான்ட்கோமரி வார்டின் தலைவர் சீவெல் ஏவரியை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1944-ல் தொழிற்சங்க ஒப்பந்தம் பற்றிய யுத்தகால சர்க்காரின் உத்தரவுக்குப் பணிய மறுத்தபோது, இரண்டு சிப்பாய்கள் அவரை ஆபீசிலிருந்து அலாக்காகத் தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் படத்துக்கு என்ன வால் ஒட்டலாம்?)

சரி, மெய்யாகவே பனி கொட்டும் ஊருக்குப் போவோம். நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் பபலோ நகரம் இருக்கிறது. குளிர்காற்று ஏரியின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஊரின்மேல் பனியாகக் கொட்டும். ஒரு காலத்தில் உருக்குக்கும் தானியக் கிடங்குகளுக்கும் பேர்போன வட்டாரம். 2022 டிசம்பர் 23 அன்று தொடங்கி அங்கே பனிப்புயல் அடித்தது. ஐந்து நாட்களில் 50 அங்குலத்துக்கு மேல் பனி. சாலையில் வண்டிகள் ஓடக்கூடாது என்ற தடை அன்று காலை அறிவிக்கப்பட்டபோது பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரிலே சிக்கி மாண்டவர்கள், வெப்பமில்லாத வீட்டில் விறைத்தவர்கள், ஆம்புலன்ஸ் வந்து சேராமல் உயிர்விட்டவர்கள். நகரில் மாண்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். லீவு போட்டால் கூலி போகும் என்றிருப்பவனுக்குப் பனி விடுமுறை ஏது, தோழர்களே?

இதே பபலோவில்தான் வேறொன்றும் முளைத்தது. ஸ்டார்பக்ஸ் என்ற பகாசுரக் காப்பிக் கம்பெனி ஆண்டுதோறும் விழாக்காலத்தில் சிவப்புக் கோப்பையில் காப்பி விற்கும். 2015-ல் அந்தக் கோப்பையைப் படம் பிடித்து #ரெட்கப்கான்டெஸ்ட் என்று வால் ஒட்டிப் போடுங்கள், சிலருக்குப் பரிசு என்று போட்டி வைத்தது. படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கம்பெனிக்கு ஓசி விளம்பரம்! பிற்பாடு, காப்பி வாங்குபவருக்குச் சிவப்புக் கோப்பை இலவசம் என்று ஒரு நாளையே ஒதுக்கினார்கள். அன்று கடையில் கூட்டம் நெரியும். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களோ அதே கொஞ்சம் ஆட்கள்.

2021 டிசம்பர் 9 அன்று பபலோவின் எல்ம்வுட் அவென்யூ கடைத் தொழிலாளர்கள் 19-க்கு 8 என்ற வாக்கில் சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் இந்தக் கம்பெனி நேரடியாக நடத்தும் கடைகளில் அன்று வேறு சங்கமே இல்லை. அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 2022 நவம்பர் 17, கம்பெனியின் சிவப்புக் கோப்பை நாள். அன்றே பார்த்து நூற்றுக்கு மேற்பட்ட கடைகளில் வேலைநிறுத்தம்! 'சிவப்புக் கோப்பைக் கலகம்' என்று பெயர் வைத்து, தங்கள் சங்கச் சின்னம் பொறித்த சிவப்புக் கோப்பைகளை வாடிக்கையாளர்களுக்கு வழங்கினார்கள். முதலாளி பலகாலம் காசு செலவழித்துப் பிரபலமாக்கிய நாளும் நிறமும் ஒரே காலையில் தொழிலாளியின் கைக்கு வந்துவிட்டன. 2025 நவம்பர் 13 அன்றும் அப்படியே 65 கடைகளில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதுவரை கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. "ஒப்பந்தம் இல்லையேல் காப்பி இல்லை" என்பதே அவர்களது கோஷமும், அவர்களது வாலும்.

அமெரிக்க விழாக்கால வியாபாரம் நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. திருப்பூரின் தையல் மெஷின்களும் அதை நம்பி ஓடுகின்றன. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு 50 சதம் என்று டிரம்ப் சர்க்கார் வரியை ஏற்றியபோது, அமெரிக்க ஆர்டர்கள் பல நிறுத்தப்பட்டதை அங்கே வேலை செய்தவர்கள் மறக்கவில்லை. பனிப் படத்திலே சிரிப்பவன் உடுத்தியிருக்கும் துணியை யார் தைத்தார் என்று எந்த வாலும் சொல்வதில்லை.

எனவே நமது இளந்தோழர்கள் போனைத் தூக்கி எறிய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சுவர் அவர்களுடையது. விவசாயிகள் போராட்டத்தின்போது, 2021 பிப்ரவரி 1 அன்று, மத்திய சர்க்கார் கேட்டுக்கொண்டதும் ட்விட்டர் சுமார் 250 கணக்குகளை மூடிவைத்தது. விவசாயிகள் பக்கம் நின்ற கணக்குகளும் அதில் அடக்கம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திறந்தது. ஆகவே வாயிற்கூட்டத்தையும் கைநோட்டீஸையும் விட்டுவிடலாகாது.

போராட்டம் தொடங்குமுன் சங்கக் கமிட்டி கூடி ஒரே ஒரு பெயரைத் தீர்மானிக்கட்டும். சுருக்கமாகத் தமிழில் இருக்கட்டும். நடுவே இடைவெளி விடலாகாது. விட்டால் வால் அங்கேயே அறுந்துவிடும். ஒருவர் ஊர்ப் பெயரையும் இன்னொருவர் ஆலைப் பெயரையும் போட்டால் பாதிச் செய்தி ஒருவர் கண்ணிலும் படாது. ஆலை வாசலில் ஒட்டும் நோட்டீஸின் கடைசி வரியிலேயே அந்தப் பெயரை அச்சடித்துவிடுவது நல்லது.