பெயரைத் திருத்தாதீர்கள், புரோகிராமைத் திருத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் மருமகள் தூத்துக்குடிப் பெண். பெயரில் டி'குரூஸ் என்று வரும். ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாள். கடைசி நாள். பட்டனை அழுத்தினால் திரையில் எரர் 1064, மைஎஸ்க்யூஎல் சின்டாக்ஸ் எரர். உதவி எண்ணில் கேட்டதற்கு, "பேர் நடுவுல இருக்கிற குறிய எடுத்துட்டுப் போடுங்கம்மா" என்றார்கள். அப்படியே செய்தாள். சான்றிதழ் சரிபார்ப்பில், "மார்க் ஷீட்டில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர்" என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்னும் முடிவு வரவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் இதைச் சொன்னேன். "ஸ்பெஷல் கேரக்டர் சார், அப்படித்தான் வரும்" என்றான். அவள் தாத்தா காலத்திலிருந்து வரும் பெயர் எப்படியப்பா ஸ்பெஷல் கேரக்டர் ஆகும்?

கணினி தெரியாத உறவுகளுக்காகவும் சொல்கிறேன். டேட்டாபேஸிடம் பேசும் மொழி எஸ்க்யூஎல். 1970-களில் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கியது. அதில் பெயர் போன்றவற்றை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். புரோகிராம் எழுதியவர் கட்டளையின் நடுவே பெயரை பிளஸ் போட்டு ஒட்டிவிட்டார். 'டி'-க்கு அடுத்த குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்தது என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொண்டது. மிச்சமுள்ள 'குரூஸ்' அதற்குப் புரியாத கட்டளை. உடனே எரர்.

இன்று எரரோடு போயிற்று. அந்தக் கட்டத்தில் கெட்ட எண்ணத்தோடு ஒருவன் கட்டளையையே எழுதினால், டேட்டாபேஸ் அதற்கும் கீழ்ப்படியும். இதற்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1998-லேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்துவிட்டார்கள். ஆகவே டி'குரூஸ் என்ற பெயர் குற்றவாளி இல்லை. பூட்டாத கதவைக் காட்டிக்கொடுத்த சாட்சி.

தீர்வு நம் விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் இருக்கிறது. முதலில் அச்சு. பிறகுதான் அதில் களிமண் கூழை ஊற்றுவார்கள். எந்தக் கூழும் அச்சின் வடிவத்தை மாற்றாது. அதுபோல, கட்டளையில் பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள். பெயரைத் தனியாகக் கொடுங்கள். ஜாவாவில் இதுதான் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். பைத்தானில் எஸ்க்யூலைட்டுக்கும் இதே கேள்விக்குறிதான். அதைச் சுற்றி மேற்கோள் போட்டுவிடாதீர்கள், அப்புறம் அது வெறும் கேள்விக்குறி எழுத்தாகிவிடும்.

"மேற்கோளை இரட்டிப்பாக்கினால் போதுமே சார்" என்பீர்கள். நூறு இடத்தில் இரட்டித்து ஓர் இடத்தில் மறந்தாலும் கதவு திறந்துதான் கிடக்கும்.

இன்னொன்று. எரர் வந்ததும் படிக்காமலே காப்பி செய்து எங்கேயாவது ஒட்டி விடை தேடாதீர்கள். 1064-இல் 'நியர்' என்று ஒரு துண்டைக் காட்டும். தவறு அங்கேயோ அதற்குச் சற்று முன்போ இருக்கும். டேட்டாபேஸுக்குப் போகும் முழு வாக்கியத்தையும் பிரிண்ட் செய்து பாருங்கள். இரண்டு வரியை ஒட்டும்போது நடுவில் இடைவெளி விட்டீர்களா? வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த வாக்கியத்தில் வளைந்த மேற்கோள் இருக்கிறதா? மார்க் லிஸ்ட்டில் 'ரேங்க்' என்று காலம் வைத்தீர்களா? மைஎஸ்க்யூஎல் 8-இல் அது ஒதுக்கப்பட்ட சொல். பழைய வெர்ஷனில் ஓடியது புதியதில் ஓடாது.

கடைசியாக ஒரு ஒப்புதல். பிளஸ் போட்டு ஒட்டும் முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்தான். பரீட்சைக்கு அது போதும் என்று நினைத்தேன். முருகன், செல்வி என்றே உதாரணம் கொடுத்தேன், எரர் வரவே இல்லை. அந்தத் தவற்றை இந்தப் பதிவில் அடித்துத் திருத்துகிறேன்.

இப்போது உங்களில் பலர் டீம் லீடராக இருக்கிறீர்கள். நாளைக் காலை உங்கள் கோடில் டி'குரூஸ் என்று ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். எரர் வந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். திருத்திவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சார், பெண்ணாடம்