காய்ந்த நிலம் வேறு, மேட்டு நிலம் வேறு



சில வாரங்களுக்கு முன் தாராவியில் எங்கள் சந்துக்குள் ஒரு கூட்டம் நடந்தது. காகிதக் கட்டோடு வந்த ஒருவர் சொன்னார்: மாடியில் குடியிருப்பவர்களும் 2000-க்குப் பிறகு வந்தவர்களும் பயப்பட வேண்டாம், முலுண்டு, பாண்டூப், காஞ்சூர்மார்க் பக்கம் உப்பள நிலத்தில் வாடகை வீடு வரப்போகிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "உப்பளமென்றால் தண்ணீர் ஏறுமே ஐயா?" என்று கேட்டார். சின்ன வயதில் பாத்தியில் கால் வைத்து வேலை செய்தவர் அவர். "ஹைவே போட்ட பிறகு கடல் தண்ணீர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. காய்ந்த நிலம் அம்மா அது" என்று பதில் வந்தது. கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன், பொய் சொல்வானேன்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. காய்ந்திருக்கிறது என்பதால் அது மேடாகிவிடுமா? இதற்கு அமெரிக்காவில் ஒரு ராணுவ விமானத் தளம் 80 வருஷம் பரீட்சை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள் இங்கிலீஷில் படித்துச் சொல்லச் சொல்ல, நான் பென்சிலால் குறித்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நொவாட்டோ என்ற ஊர். அதன் கிழக்கே சான் பாப்லோ விரிகுடா. கரையோரம் முழுவதும் ஒரு காலத்தில் கழிவெளி; தினம் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவசாயத்துக்காக மண்கரை போட்டுக் கடலை வெளியே தள்ளினார்கள். நிலம் காய்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் அந்தக் காய்ந்த நிலத்தில் ராணுவம் ஹாமில்டன் விமானத் தளத்தைக் கட்டியது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே போய் இறங்கிய அமெரிக்க விமானங்கள் புறப்பட்ட இடம் இதுதான். சாதாரணத் தளமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பணமும் இன்ஜினீயர்களும் அதற்குக் குறைவா என்ன?

அப்படிப்பட்ட தளத்தின் காலடியில் நிலம் இறங்கிக்கொண்டே போனது. காரணம் மாயமல்ல. கழிவெளி மண் என்பது வண்டலும் மக்கிய வேரும் கலந்தது. ஈரத்தில் கிடக்கும்வரை அது கெடாது. காயவிட்டால் காற்றுப்பட்டு வேர் கரைந்து, மண் அமுங்கிவிடும். கடல் ஏறும்போதெல்லாம் கொண்டுவந்து போடும் புது வண்டலும் கரைக்கு வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே நிலம் இறங்க, வெளியே கடல் உயர, நடுவில் நிற்பது ஒரு மண்கரை. நாளாக ஆக அந்த நிலம் பல அடி தாழ்ந்து கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. மேலே நின்று பார்த்தால் காய்ந்த நிலம்தான்!

1974-இல் விமானப் படை தளத்தைக் கைவிட்டது. மிச்சமிருந்த ராணுவப் பகுதியும் 1988-இல் மூடும் பட்டியலில் சேர்ந்தது. வேறு ஊராயிருந்தால் காண்டிராக்டர்கள் மொய்த்திருப்பார்கள். அங்கேயும் தளத்தின் ஒரு பகுதியில் வீடுகள் வந்தன. ஆனால் ஓடுதளம் இருந்த தாழ்ந்த பகுதியை, 648 ஏக்கர், கடலுக்கே திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். ராணுவத்தின் இன்ஜினீயர் படையும் மாநிலக் கடற்கரைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து செய்த வேலை இது.

திருப்பிக் கொடுப்பது சுலபமா? கரையை உடனே வெட்டினால் நிலம் ஆழ்ந்த குளமாகிவிடும், செடி முளைக்காது. அதனால் முதலில் மண் போட்டு உயர்த்த வேண்டியிருந்தது. ஓக்லாந்து துறைமுகத்தில் பெரிய கண்டெய்னர் கப்பல் வருவதற்காக ஆழப்படுத்திய சேற்றைப் படகில் கொண்டுவந்து, குழாய் வழியாகத் தள்ளினார்கள். 50 லட்சம் கன கெஜத்துக்கும் மேல். நான் பார்சல் கணக்கு எழுதுகிறவன். லாரிக்குப் பத்து கெஜம் என்று போட்டால் 5 லட்சம் லாரி! இதில் தர்ம சிந்தனை மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: கப்பல் கம்பெனிக்கு ஆழம் வேண்டும், அள்ளிய சேற்றுக்கு ஓர் இடம் வேண்டும். இருந்தாலும் காரியம் நல்ல காரியம். ராணுவம் விட்டுப்போன எண்ணெய்க் கறை, டி.டி.டி. பூச்சிமருந்து விஷம் ஆகியவற்றில் சிலதை அகற்றினார்கள், சிலதைச் சுத்தமான மண்ணின் அடியில் ஆழப் புதைத்தார்கள். வீடுகள் இருந்த பக்கம் முதலில் கரையை உயர்த்திக் கட்டினார்கள். (இதை மனதில் வையுங்கள்.) பிறகு 2014 ஏப்ரலில் கடல் பக்கத்துக் கரையை வெட்டினார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது வண்டலைக் கடலே கொண்டுவந்து போடுகிறது. நம் உப்பள ஓரத்து உமரிக்கு உறவான செடி முளைக்கிறது, பறவை வருகிறது. அலையின் வேகத்தைச் செடி வாங்கிக்கொள்வதால் பின்னால் இருக்கும் கரைக்கும் அடி குறைவு.

மொத்தச் செலவு 10 கோடி டாலருக்கும் மேல். உலகத்திலேயே பணக்கார ராணுவம், காய்ந்த நிலத்தை நம்பிக் கட்டிய தவற்றைத் திருத்தக் கொடுத்த விலை அது.

இனி நம் கதைக்கு வருவோம். 2024 செப்டம்பர் கடைசியில் மகாராஷ்டிர அமைச்சரவை சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவித் திட்டத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. யாருக்காக? தாராவிக்குள்ளேயே வீடு பெறத் 'தகுதியற்றவர்' என்று எழுதப்பட்ட நமக்காக. அமெரிக்கா 648 ஏக்கரைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துப் பத்து வருஷம் கழித்து, இங்கே கடலோரத் தாழ்நிலத்தை எடுத்து உழைக்கும் குடும்பங்களை அதன்மேல் வைக்கிறார்கள். ஹைவே வந்ததால் தண்ணீர் வரவில்லை என்கிறார்களே, ஹாமில்டனிலும் மண்கரை இருந்ததால்தான் தண்ணீர் வரவில்லை! ஹைவே என்பதும் ஒரு கரைதானே? கடல் வராமல் அது தடுக்கலாம். மேலிருந்து கொட்டும் மழை அந்தக் கரையைத் தாண்டி எப்படித் தாணே கழிக்குப் போகும்?

2005 ஜூலை 26-ஐ மறந்தீர்களா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மேலே மழை, கீழே கடல் ஏற்றம். தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தண்டவாளம் எங்கே என்று தெரியாத தண்ணீரில் இடுப்பளவு நனைந்து சயான் வரை நடந்தேன். அன்று அந்தத் தண்ணீருக்குக் கொஞ்சமாவது இடம் கொடுத்தது எது? மிச்சமிருந்த உப்பளமும் கண்டல் காடும்தான். அதையும் கான்கிரீட்டால் மூடினால், அடுத்த முறை தண்ணீர் முதலில் யார் வீட்டுத் தரையைத் தேடும்?

"பறவைக்காக ஏழையின் வீட்டைத் தடுக்கிறாயா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நம் பாட்டன்மார் மாஹிம் கழியின் சேற்றில் குப்பையையும் மண்ணையும் கொட்டித் தூர்த்துத்தான் தாராவியில் கால் ஊன்றினார்கள். நாமும் சதுப்பைத் தூர்த்தவர்கள்தான், மறைக்கவில்லை. வேறு நிலம் யாரும் தரவில்லை. ஆனால் அந்தச் சேற்றை மூன்று தலைமுறையாக மேடாக்கி, பட்டறையும் கடையும் பள்ளியும் வைத்து, ஊரின் நடுவில் விலையுள்ள நிலமாக்கிய பிறகு, "இது எங்களுக்கு, நீ போய் வேறொரு சேற்றை மேடாக்கு" என்றால் அது என்ன நியாயம்? வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராவியில் உழைத்தவனுக்குத் தாராவியிலேயே வீடு கொடு என்கிறேன். மாடியில் இருந்தால் என்ன, 2000-க்குப் பிறகு வந்தால் என்ன, அவன் தைத்த பையும் பிடித்த பானையும் தகுதியற்றதென்று யாராவது திருப்பிக் கொடுத்தார்களா?

அடுத்த கூட்டத்துக்குக் காகிதக் கட்டோடு மறுபடி வருவார்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: அந்த நிலம் கடல் ஏற்றத்தின் உச்ச மட்டத்துக்கு எத்தனை அடி மேலே, எத்தனை அடி கீழே? அளந்த சர்வே காகிதம் எங்கே? மண் போட்டு உயர்த்தினால், பக்கத்துக் குடிசைகளின் மழைத் தண்ணீர் எங்கே போகும்? நொவாட்டோவில் வீட்டுக்காரர்களுக்கு முதலில் கரை கட்டினார்களே, நமக்கு யார் கட்டுவார், அந்தச் செலவு யார் கணக்கில்? பதில் எழுத்தில் வரட்டும். தமிழிலும் வரட்டும். அந்தத் தூத்துக்குடி அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். முதல் கேள்வி அவருடையதுதான்.