சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

பழவேற்காடு ஏரியில் பொழுது விடியுமுன்பே படகுகள் புறப்பட்டு விடுகின்றன. ஒரு காலத்தில் கழி ஊன்றும் ஓசையும், பாய் படபடக்கும் ஓசையும்தான் கேட்கும். ஏரியின் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர்தான். கழி ஊன்றவும் பாய் விரிக்கவும் தெரிந்தால் போதும். இன்று "டப டப டப" என்று கிளம்பும் மோட்டார், கரையில் தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போடுகிறது.

மோட்டார் வந்தது நல்லதுதான். அதைக் குறை சொல்வது நன்றி கெட்ட பேச்சு. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர், காற்று எப்போது திரும்பும் என்று கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுவதும் பைபர் படகுகள் பெருகின. அவற்றோடு சிறு டீசல் எந்திரங்களும் பெருகின.

ஆனால் எந்திரத்தோடு ஒரு மூட நம்பிக்கையும் வந்து சேர்ந்து விட்டது. சைலன்சரைக் கழற்றி விட்டு நேர்க்குழாய் மாட்டினால் படகு பறக்குமாம்! புகை தடையில்லாமல் போனால் எந்திரத்துக்குப் பலம் கூடுமாம்! இதை நம்பி, வெல்டிங் பட்டறையில் பணம் கொடுத்துக் குழாய் செய்து வாங்குகிறவர்களும் உண்டு.

இந்த நம்பிக்கையில் கால் பங்கு உண்மை இருக்கிறது. முக்கால் பங்கு ஏமாற்றம். கால் பங்கு உண்மை இருப்பதால்தான் இது சாகாமல் இருக்கிறது.

காரில் இருந்து வந்த கதை

இந்த யோசனை படகில் பிறந்தது அல்ல, காரில் பிறந்தது. பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்திரத்தோடு வந்த புகைக்குழாயைக் கழற்றி விட்டு, வெளியில் செய்த குழாய்த் தொகுதி ஒன்றை மாட்டுவது உண்டு. அதற்கு 'ஹெடர்' என்று பெயர்.

எல்லோருக்கும் தெரிந்த அம்பாசடர் காரை எடுத்துக் கொள்வோம். 2014-இல் அதன் உற்பத்தி நின்று விட்டது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள். ஆனால் புகை வெளியேறும் வாசல்கள் மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரே வாசல். ஒரே வாசலில் இரண்டு குடித்தனம்! இந்த மூன்று வாசல்களும் எந்திரத்தை ஒட்டியே ஒரு வார்ப்பிரும்புக் குழாய்க்குள் திறக்கின்றன. ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும்போது, அடுத்ததின் புகை வந்து இடிக்கிறது.

ஹெடர் இந்த நெரிசலைக் குறைக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் தனி நீளக் குழாய். சிறிது தூரம் போன பிறகே அவை ஒன்று சேர்கின்றன. நீளத்தைச் சரியாகக் கணக்கிட்டுச் செய்தால், முன்னே ஓடும் புகை பின்னே வரும் புகையை இழுத்துக் கொண்டு போகும். சிலிண்டரில் பழைய புகை மிஞ்சாது. புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். அதனால் ஓரளவு பலம் கூடும். இது உண்மை.

அங்கேயும் குழாயை மாட்டியதோடு வேலை முடிவதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் ஓட்டினால் எந்திரம் அளவு மீறிச் சூடேறும். வால்வு கருகவும் கூடும். தெருவில் ஓடும் வண்டி என்றால் சட்டமும் குறுக்கே வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது.

ஒற்றைச் சிலிண்டர் என்ன செய்யும்?

இனி படகுக்குத் திரும்புவோம்.

சிறு பைபர் படகில் உள்ள டீசல் எந்திரம் பெரும்பாலும் ஒரே சிலிண்டர் கொண்டது. ஒரே சிலிண்டர் என்றால் ஒரே வாசல். முன்னே ஓடும் புகையும் இல்லை, பின்னே வந்து இடிக்கும் புகையும் இல்லை. ஒண்டிக்கட்டை வீட்டில் பங்காளிச் சண்டை ஏது? ஹெடர் வந்து தீர்த்து வைக்க அங்கே தகராறே கிடையாது.

இன்னொன்று. டீசல் எந்திரத்தின் பலம், பம்பு எவ்வளவு டீசலை உள்ளே தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த அளவுக்கு ஓர் எல்லை வைத்துத்தான் எந்திரம் வெளிவருகிறது. குழாயை அகலப்படுத்தியதால் பம்பு ஒரு சொட்டு டீசலும் அதிகம் தராது. அதிகமாவது சத்தம் ஒன்றுதான்.

பழவேற்காட்டுப் பையன்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் வீட்டு வாசலில் நின்றே பார்க்கிறார்கள். பெரிய சத்தம், பெரிய புகை, பெரிய வேகம்! அப்படியானால் படகிலும் புகை வேகமாகப் போனால் படகு வேகமாகப் போகாதா? போகாது. ராக்கெட்டைத் தள்ளுவது அந்தப் புகையேதான். படகைத் தள்ளுவது தண்ணீருக்குள் சுழலும் விசிறி. படகின் புகை, வேலை முடிந்து வெளியேறும் கழிவு. அடுப்புப் புகை பலமாகப் போனால் சோறு சீக்கிரம் வேகும் என்று எந்த வீட்டு அம்மாவும் நினைப்பதில்லை!

பின் ஏன், "சைலன்சரைக் கழற்றினேன், படகு நன்றாக இழுத்தது" என்று அனுபவசாலிகளே சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பல வருடம் ஓடிய சைலன்சரின் உள்ளே கரி படிந்து, துளைகள் அடைபட்டிருக்கும். அடைபட்ட சைலன்சர் எந்திரத்தின் மூச்சைப் பிடிக்கும். அதைக் கழற்றியதும் மூச்சுத் திரும்புகிறது. பலம் வந்தது கரி போனதால். ஆனால் புகழ் நேர்க்குழாய்க்குப் போகிறது! கரியைச் சுத்தம் செய்திருந்தாலும், புதுச் சைலன்சர் மாட்டியிருந்தாலும் அதே பலம் கிடைத்திருக்கும்.

ஒரு நிமிடத்துக்காகவா?

சரி, ஒரு பேச்சுக்குப் புதுக் குழாயால் 5 சதவீதம் பலம் கூடியதாகவே வைத்துக் கொள்வோம். வேகம் எவ்வளவு கூடும்? தண்ணீர் சாலையைப் போன்றது அல்ல. வேகம் கூடக் கூட, தண்ணீர் எதிர்த்து நிற்பது பல மடங்காகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால், எந்திரத்தின் பலம் ஏறக்குறைய 33 சதவீதம் கூட வேண்டும். இந்தக் கணக்கில், 5 சதவீதப் பலத்துக்குக் கிடைக்கும் வேகம் 2 சதவீதம்கூட இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் மிச்சமாவது சுமார் ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுக்கும் விலை என்ன?

முதலில் காது. எந்திரத்தின் வால்வு திறக்கும்போதெல்லாம் அழுத்தத்தில் இருந்த புகை குபீரென்று வெளியே பாய்கிறது. அந்த அடிதான் சத்தம். சைலன்சரின் அறைகளும் துளைகளும் அந்த அடியை வாங்கிக் கொள்கின்றன. சைலன்சர் இல்லாவிட்டால் அடி நேராகக் காதில் விழுகிறது.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் கேட்பதென்றால் 85 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபுணர்கள் வைத்துள்ள எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் வெறும் கால் மணி நேரம்! அளக்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், 85-ஐத் தாண்டி விட்டது என்று கொள்ளலாம்.

காதுக்குள் நுண்ணிய மயிர் போன்ற உணர்வு அணுக்கள் உள்ளன. சத்தத்தால் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மருந்து கிடையாது. முதலில் மறைவது மெல்லிய, உச்சமான ஓசைகள். அப்பாவுக்கு எந்திரச் சத்தம் கேட்கும்; பேத்தி கூப்பிடுவது கேட்காது. வீட்டில் உள்ளவர்கள், "கிழவர் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்" என்று கோபித்துக் கொள்வார்கள்.

வீட்டோடு போகிற சங்கடமும் அல்ல இது. இருட்டில் முகத்துவாரத்தைக் கடக்கிறவருக்குக் கண்ணைப் போலக் காதும் வேண்டும். அலை எங்கே உடைகிறது என்பதைக் காது சொல்லும். "வலை கிடக்கிறது, விலகு!" என்று பக்கத்துப் படகில் இருந்து ஒருவர் கத்தினால் அது விழ வேண்டும். தண்ணீரில் விழுந்தவன் குரல் கொடுத்தால் அதுவும் விழ வேண்டும்.

அடுத்தது சூடு. வெளியேறும் புகை சில நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். பைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. அந்தப் பிசின் எரியக் கூடியது. மறைப்பில்லாத குழாய் அதன் ஓரமாகப் போவது ஆபத்து. வலை இழுக்கும் அவசரத்தில் முழங்கை பட்டாலும் தோல் உரிந்து விடும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தால், அலை ஏறி எந்திரத்துக்குள் தண்ணீர் புகலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், சுழலும் எந்திரம் உள்ளேயே உடையும்.

புகையும் லேசானது அல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் அறிவித்தது. குட்டைக் குழாய் மாட்டினால், படகு ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராகவே அந்தப் புகை வரும்.

பணம் எங்கே போக வேண்டும்?

படகு இழுக்கவில்லையா? முதலில் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பாசியும் கொட்டலசும் ஒட்டியிருந்தால், எந்தக் குழாயும் அந்தப் படகைக் காப்பாற்றாது. பிறகு விசிறி. அதன் இலை ஒன்று மண்ணில் இடித்து வளைந்திருந்தாலே வேகம் போய் விடும். ஆழமில்லாத ஏரியில் இது சாதாரணம். பிறகு புகையின் நிறம். கறுப்புப் புகை என்றால் டீசல் முழுவதும் எரியவில்லை: காற்று வடிகட்டியையும் டீசல் தெளிப்பானையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

அப்படியும் குழாயில் ஆசை விடாதவர்கள், பட்டறைக்காரரிடம் ஒரு சோதனை கேட்கலாம். அதே படகு, அதே ஆட்கள், அதே சுமை. கரையில் இருந்து ஓர் அடையாளம் வரை போய்த் திரும்ப வேண்டும். போகும்போது காற்று சாதகம் என்றால், திரும்பும்போது பாதகம். கணக்கு நேராகி விடும். சுத்தம் செய்த சைலன்சரோடு ஒருமுறை, புதுக் குழாயோடு ஒருமுறை. எத்தனை நிமிடம், எவ்வளவு டீசல் என்று எழுதி வைக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத பட்டறைக்குப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை.

ஒருவர் மட்டும் சைலன்சர் மாட்டினால், பக்கத்துப் படகின் சத்தம் அவர் காதில் விழத்தான் செய்யும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம் இது. பழவேற்காட்டுக்கு அது புதிது அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் யார் எங்கே எப்போது வலை போடுவது என்பதைப் பாடு முறையில் பங்கு வைத்துக் கொண்டு வந்திருக்கின்றன. எழுதப்பட்ட சட்டத்தை விட அந்தக் கட்டுப்பாடு வலிமையாக நின்றிருக்கிறது. மீனுக்கு முறை வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சத்தத்துக்கு முறை வைப்பது பெரிய வேலையா?

கழற்றிப் போட்ட சைலன்சர் ஓட்டை விழாமல் வீட்டில் கிடக்கிறது என்றால், அதை மரச் சுத்தியால் தட்டிக் கரியை உதிர்க்கலாம். கரித்தூளை மூக்கில் ஏற்றிக் கொள்ளாமல், துணி கட்டிக் கொண்டு செய்ய வேண்டும். புது கேஸ்கெட் வைத்து நட்டை இறுக்கினால் அரை நாள் வேலை. உப்புக் காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகி இருக்கும்; முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்தால், மறுநாள் காலையில் சுலபமாகக் கழலும்.