செரெங்கெட்டி: திரையில் இல்லாத மனிதர்கள்

ஆப்பிரிக்கச் சிங்கம் இன்று இந்திய வீடுகளுக்கு அன்றாட விருந்தாளி. டிஸ்கவரி, நேஷனல் ஜியோகிராபிக், அனிமல் பிளானட் போன்ற தொலைக்காட்சி அலைவரிசைகள் வழியாகவும், அண்மைக்காலமாகக் கைபேசி வழியாகவும் அது வந்து சேர்கிறது. பல நேரங்களில் தமிழ்க் குரலோடு வருகிறது. காட்சி பெரும்பாலும் ஒன்றேதான். முடிவற்ற புல்வெளி. மேயும் வரிக்குதிரைகள். புதரில் பதுங்கிய சிங்கம். திடீரெனப் பாய்ச்சல், துரத்தல், புழுதி. பின்னணியில் கனத்த குரல் ஒன்று, "வலியது வாழும், மெலியது மாயும்; இதுவே இயற்கையின் சட்டம்" என்ற பொருளில் பேசி முடிக்கிறது.

உழைக்கும் மக்களின் வீடுகளில் குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளில் இவையும் உண்டு. மூடநம்பிக்கையும் ஆபாசமும் மலிந்த திரையில், உயிரினங்களைப் பற்றிய அறிவை ஊட்டும் நிகழ்ச்சிகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் இந்தப் படங்கள் அறிவோடு சேர்த்து வேறு ஒன்றையும் ஊட்டுகின்றன. இயற்கையைப் பற்றிப் பேசுவதாகக் கூறிக்கொண்டு சமூகத்தைப் பற்றிய ஒரு கருத்தை அவை விதைக்கின்றன. சமூகத்தைக் காட்ட வேண்டிய இடத்திலோ அதை முற்றாக மறைத்துவிடுகின்றன.

வெட்டி ஒட்டிய இயற்கை

சிங்கம் ஒரு நாளில் ஏறத்தாழ இருபது மணி நேரம் படுத்தே கிடக்கும் விலங்கு. அது வேட்டைக்குப் புறப்பட்டாலும் பெரும்பாலான முயற்சிகள் தோல்வியிலேயே முடிகின்றன. மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த காட்சிகளிலிருந்து சில நிமிடங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வெகுதொலைவிலிருந்து படம் பிடிக்கப்படுவதால் குளம்பொலியும் எலும்பு முறியும் ஓசையும் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னர் சேர்க்கப்படுகின்றன. எஞ்சுவது இடைவிடாத கொலைக்களம். அதையே பார்வையாளர் இயற்கை என்று எண்ணிக்கொள்கிறார்.

ஆய்வு காட்டும் இயற்கை வேறு. செரெங்கெட்டியில் ஆண்டுதோறும் இடம்பெயரும் வைல்ட்பீஸ்ட் எனும் மாட்டுமுக மான்கள் சுமார் 13 லட்சம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை சிங்கத்தின் வாயில் சாவதில்லை. வறண்ட மாதங்களில் போதிய தீனி கிடைக்காமல் மெலிந்து சாகின்றன. மாரா ஆற்றைக் கடக்கையில் முதலை பாய்ந்து கவ்வும் காட்சி உலகப் புகழ்பெற்றது. 2017இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வைல்ட்பீஸ்ட்கள் அந்த ஆற்றில் மூழ்கி இறக்கின்றன. அந்த உடல்களில் முதலைகளுக்குச் செல்வது மிகச் சிறு பங்குதான். மீன்களும் கழுகுகளும் நீர்வாழ் நுண்ணுயிர்களும் பல ஆண்டுகள் அவற்றால் வாழ்கின்றன. எலும்பு கரைந்து ஆற்றுக்கே உரமாகிறது. வாழ்வும் சாவும் இவ்வாறு பின்னிக் கிடக்கும் ஓர் அமைப்பை, "கொல் அல்லது கொல்லப்படு" என்ற ஒற்றைச் சொற்றொடராகச் சுருக்குவது அறிவியல் ஆகாது.

கழுதைப்புலிக்கு நேர்ந்ததும் இதே கதிதான். திரையில் அது எப்போதும் திருடன். சிங்கம் உழைத்துக் கொன்ற இரையைப் பறிக்க வரும் கோழை. 1994இல் வெளியான 'தி லயன் கிங்' படம் இந்தப் பழியை உலகக் குழந்தைகளின் நெஞ்சில் பதித்தது. ஆனால் 1960களில் செரெங்கெட்டியிலும் இங்கோரோங்கோரோவிலும் ஆய்ந்த ஹான்ஸ் குரூக், புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் பெரும்பகுதியைத் தானே கூட்டாக வேட்டையாடிப் பெறுவதை நிறுவினார். இங்கோரோங்கோரோவில் இரவில் கழுதைப்புலிகள் கொன்ற இரையைப் பல வேளைகளில் பறித்துக்கொண்டது சிங்கம்தான். விடிந்த பின் வந்து பார்த்தவர்கள், உண்ணும் சிங்கத்தையும் ஒதுங்கி நிற்கும் கழுதைப்புலிகளையும் கண்டு, அரசன் யார், திருடன் யார் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். உழைத்தவன் திருடன் என்றும் பறித்தவன் அரசன் என்றும் பெயர் பெறுவது வர்க்க சமுதாயத்துக்குப் புதிதன்று.

சந்தையின் சட்டம் காட்டுக்குப் போன கதை

"தகுதியுள்ளது பிழைக்கும்" என்ற தொடர் டார்வின் உருவாக்கியது அன்று. 1864இல் அதைப் படைத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். தடையற்ற சந்தையை ஆதரித்தவர்; ஏழைகளுக்கு அரசு உதவுவதை எதிர்த்தவர். டார்வின் தமது நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அத்தொடரை எடுத்தாண்டார்.

டார்வினின் கண்டுபிடிப்பை மார்க்சும் எங்கெல்சும் பெரிதும் போற்றினர். அதே வேளையில், விலங்குலகில் டார்வின் கண்ட போட்டியும் புதிய சந்தைகளும் அவர் வாழ்ந்த ஆங்கிலச் சமுதாயத்தின் சாயலையே கொண்டிருப்பதை 1862இல் மார்க்ஸ் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். 1875 நவம்பரில் ருஷ்ய சிந்தனையாளர் லவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் இதை மேலும் தெளிவாக்கினார். ஹாப்சின் அனைவருக்கும் எதிரான அனைவரின் போரையும், முதலாளித்துவப் பொருளாதாரத்தின் போட்டியையும், மால்தசின் மக்கள்தொகைக் கோட்பாட்டையும் முதலில் சமுதாயத்திலிருந்து எடுத்து இயற்கையின் மீது ஏற்றுகிறார்கள். பிறகு அவற்றையே இயற்கையிலிருந்து திரும்ப எடுத்துவந்து, மனித வரலாற்றின் நிரந்தர விதிகள் என்று நிறுவிவிட்டதாகச் சொல்கிறார்கள். இது ஒரு செப்பிடுவித்தை என்பதே எங்கெல்ஸ் கண்டது.

வனவிலங்குப் படங்களில் இந்த வித்தை நாள்தோறும் நடைபெறுகிறது. மானாக இருந்தாலும் சிங்கமாக இருந்தாலும் விடிந்ததும் ஓடத் தொடங்கு என்ற பாடம் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. ஆட்குறைப்பு, ஒப்பந்தக் கூலி, உணவு விநியோகத் தொழிலாளியின் பதினான்கு மணி நேர ஓட்டம் ஆகிய அனைத்துக்கும் அந்தப் புல்வெளி நியாயம் வழங்குகிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலையை மச்ச நியாயம் என்று அழைத்த பண்டைய இந்திய அரசியல் நூலோர்கூட, அதைத் தவிர்க்க வேண்டிய கேடாகவே கருதினர். நவீன முதலாளித்துவமோ அதையே இலட்சியமாகக் கொண்டாடுகிறது.

இதற்கு மறுமொழியாக, இயற்கை முழுவதும் அன்பும் ஒத்துழைப்புமே என்று வாதிடுவதும் பிழையே. குரோப்போத்கின் 1902இல் வெளியிட்ட நூலில் விலங்குகளிடையே உள்ள பரஸ்பர உதவிக்கு ஏராளமான சான்றுகளைத் திரட்டித் தந்தார், அவை மதிப்புமிக்கவை. ஆயினும் சிங்கத்திடமிருந்து சுரண்டலையும் கற்க வேண்டியதில்லை, யானைக் கூட்டத்திடமிருந்து சோசலிசத்தையும் கற்க வேண்டியதில்லை. விலங்கு கிடைப்பதைச் சேகரிக்கிறது. மனிதன் உற்பத்தி செய்கிறான். உற்பத்தி செய்யும் உயிரினத்தின் பசிக்குக் காரணம் தீனிப் பற்றாக்குறை அன்று, உடைமை உறவு. தானியக் கிடங்குகள் நிரம்பி வழியும் நாட்டில் குழந்தை பட்டினி கிடப்பதற்குப் புல்வெளியில் ஓர் உவமையும் இல்லை.

வெற்றுநிலம் ஆக்கப்பட்டது எப்படி

இந்தப் படங்களில் மனிதர்கள் இல்லை. இருந்தாலும், துப்பாக்கி ஏந்திய திருட்டு வேட்டைக்காரராகவோ, சிங்கத்துக்கு நஞ்சு வைக்கும் மாட்டுக்காரராகவோ, அவற்றைக் காப்பாற்ற வந்த வெள்ளை ஆய்வாளராகவோ தோன்றுகிறார்கள். மனிதக் கை படாத ஆதிநிலம் என்று வர்ணிக்கப்படும் செரெங்கெட்டி, மாசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த நிலம். காட்டு விலங்கின் இறைச்சியை உண்ணும் வழக்கம் மரபாக அவர்களிடம் இல்லை. அவர்களது மாடுகளும் வரிக்குதிரைகளும் ஒரே புல்வெளியில் மேய்ந்தன.

1880களின் இறுதியில் எரித்திரியாவைப் பிடிக்க வந்த இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு, ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் நுழைந்தது. பத்தாண்டுகளுக்குள் அது தென்முனை வரை பரவியது. பல இடங்களில் பத்து மாடுகளில் ஒன்பது மாண்டன. மாட்டையே வாழ்வாகக் கொண்ட மாசாய் மக்கள் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். ஆள் குறைந்த அந்த நிலத்தைத்தான் ஐரோப்பியர் வெற்றுநிலம் என்று எழுதினர். 1904, 1911 ஒப்பந்தங்களின் வழியாகக் கென்யாவின் வளமான மேய்ச்சல் நிலங்களை ஆங்கிலேயர் மாசாய்களிடமிருந்து பறித்துக்கொண்டனர்.

அன்றைய தாங்கனிக்காவில் 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது. ஃபிராங்க்ஃபுர்ட் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக், தம் மகனுடன் அங்கே எடுத்த 'செரெங்கெட்டி சாகக்கூடாது' என்ற படம் 1959இல் வெளியாகி, ஆஸ்கர் விருது பெற்றது. உள்ளூர் மக்கள்கூடப் பூங்காவுக்குள் வாழலாகாது என்பது அவரது நிலைப்பாடு. அதே 1959இல் மாசாய் மக்கள் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அருகிலுள்ள இங்கோரோங்கோரோவில் விலங்குகளோடு சேர்ந்து வாழும் உரிமை என்றும் இருக்கும் என்ற வாக்குறுதி அவர்களுக்குத் தரப்பட்டது.

அந்த வாக்குறுதியின் இன்றைய நிலை என்ன? இங்கோரோங்கோரோ மாசாய்களைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சோமேராவுக்கு அனுப்பும் திட்டத்தை தான்சானிய அரசு நடத்திவருகிறது. 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி எல்லைக்கல் நடப் படையினர் வந்தனர். எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் காயமுற்றுக் கென்யாவுக்குத் தப்பியோடினர். மோதலில் காவலர் ஒருவரும் உயிரிழந்தார். இதே லோலியோண்டோவில் 1990களின் தொடக்கம் முதல் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு வேட்டை உரிமம் வழங்கப்பட்டிருந்தது. மாடு மேய்ப்பது காட்டுக்குக் கேடு; செல்வந்தர் சுட்டு விளையாடுவது பாதுகாப்பு! சிங்கம் மாட்டைக் கொன்றால் இழப்பு மேய்ப்பருக்கு. சிங்கத்தைக் காட்டி ஈட்டும் பணத்தில் பெரும்பங்கு விடுதி முதலாளிகளுக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும். வேட்டையும் இரையும் உண்மையில் இருக்கும் இடம் இதுதான். படக்கருவி அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இன்னொரு செய்தியும் திரையில் வருவதில்லை. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் வைல்ட்பீஸ்ட்கள் சுமார் இரண்டரை லட்சமே இருந்தன. மேய்ப்பர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வெக்கை நோய் ஒழிந்தபின் அவை பெருகி, 1970களின் இறுதியில் 13 லட்சத்தை எட்டின. அவற்றை உண்ணும் சிங்கங்களும் பெருகின. மனிதக் கை படாத நிலத்தின் அதிசயம் என்று வர்ணிக்கப்படும் மாபெரும் இடப்பெயர்வை இன்றைய அளவுக்கு வளர்த்தது, மனிதர்கள் தம் கால்நடைகளுக்காக நடத்திய பொதுச் சுகாதாரப் பணி. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

குனோவில் அதே படம்

ஆப்பிரிக்கப் புல்வெளியில் எழுதப்பட்ட இந்தக் கதை இந்தியாவிலும் படமாகிறது. மத்தியப் பிரதேசத்தின் குனோவில், குஜராத்தின் கிர் சிங்கங்களைக் கொண்டுவருவதற்காக 24 கிராமங்கள் அகற்றப்பட்டன. வெளியேற்றப்பட்ட சுமார் 1,500 குடும்பங்களில் பெரும்பாலோர் சஹாரியா பழங்குடியினர். 2013இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும் குஜராத்திலிருந்து சிங்கம் வரவில்லை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தன. பிரதமரே படக்கருவியும் கையுமாக நின்று அவற்றைத் திறந்துவிட்டார். நாடெங்கும் நேரலையில் காட்டப்பட்டது. அந்த மண்ணை விட்டுப் போன சஹாரியாக்கள் அந்த நேரலையில் இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளும், வெளியே ஆதிவாசி இயக்கங்களும் போராடிப் பெற்றது. 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளின் பின்னால் இருந்த குடும்பங்கள் நடுங்கின. நாடு தழுவிய எதிர்ப்பு எழுந்தது; இரு வாரங்களில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தில் பலர் அந்த உத்தரவை வரவேற்றதை மறந்துவிட முடியாது. காடு என்றால் விலங்கு மட்டுமே, மனிதன் ஆக்கிரமிப்பாளன் என்ற படத்தைத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் திரையில் பார்த்து வந்திருக்கிறார்கள். கருத்து ஒரு பௌதிக சக்தியாவது இவ்வாறுதான்.

சிங்கமும் சிவிங்கிப்புலியும் வாழ வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மாற்றுக் கருத்து இல்லை. காட்டை அழிப்பவை சுரங்கமும் அணையும் பெருமுதலாளிகளின் இலாபவெறியுமே. அதே காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தும் விலங்குகளை விட்டுவைத்தவர்களை விரட்டுவது பாதுகாப்பு ஆகாது. காட்டுயிர்ப் பாதுகாப்பு காட்டு மக்களின் உரிமையோடு சேர்ந்தே நிற்க முடியும்.

எனவே தொலைக்காட்சியை அணைக்கச் சொல்வது தீர்வன்று. குழந்தைகள் சிங்கத்தைப் பார்க்கட்டும். அருகில் அமர்ந்திருக்கும் கட்சி உறுப்பினர் அவர்களிடம் சில கேள்விகளை எழுப்பலாம். இந்தப் புல்வெளியில் முன்பு யார் வாழ்ந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே? இந்தச் சிங்கத்தைக் காட்டிக் கிடைக்கும் பணம் யாருக்குப் போகிறது? கிளைக் கூட்டங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் ஓர் அரைமணி நேரப் படத்தைப் போட்டு, இக்கேள்விகளோடு விவாதிக்கலாம். வன உரிமைக்காக ஆதிவாசிகள் நடத்தும் போராட்டம் நகரத்துத் தொழிலாளியின் நெஞ்சைத் தொட வேண்டுமானால், அவர் இரவில் பார்க்கும் திரையோடும் கருத்துப் போராட்டம் நடத்தியாக வேண்டும்.