கணினியின் முடிவும் மனிதரின் பொறுப்பும்

ஆந்திரப் பிரதேசத்தில் 2019ஆம் ஆண்டு கிராமச் செயலகங்கள் தோன்றிய பின், நலத்திட்டங்களுக்கு உரியோரைத் தெரிந்தெடுக்க ‘ஆறு படிச் சரிபார்ப்பு’ என்னும் முறை கையாளப்பட்டது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். வருமானம், நிலம், நான்கு சக்கர வண்டி, மின்நுகர்வு முதலிய பதிவேடுகளை ஆதார் எண்ணைக் கொண்டு கணினி ஒப்புநோக்கும். மாத மின்நுகர்வு 300 யூனிட்டைத் தாண்டிய குடும்பம் தகுதியற்றதெனக் கொள்ளப்பட்டது.

இம்முறையில் நன்மை உண்டு. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாட்டிற்கு இடம் குறைகிறது. ஆயினும், ஒரே மின் இணைப்பில் இரு குடும்பங்கள் வாழ்ந்தால் என் செய்வது? வேறொருவரின் மீட்டர் தவறுதலாக ஓர் ஏழை விதவையின் எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்தால் யாது நேரும்? பதிவேட்டிலுள்ள பிழையைக் கணினி அறியாது, அதனையே முடிவாக்கிவிடும்.

இது வெறும் கற்பனையச்சம் அன்று. அண்டை மாநிலமாகிய தெலங்கானாவில் சுமார் 19 லட்சம் உணவு அட்டைகள் கணினி ஆய்வின் துணைகொண்டு நீக்கப்பட்டன. அவற்றை நேரில் சென்று மீண்டும் சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஒருவருக்குப் பாதகமான முடிவை எடுக்குமுன் அவர் கூற்றைக் கேட்டல் வேண்டும் என்பது இயற்கை நீதி. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. முடிவெடுப்பது கணினி என்பதால் இந்நெறி மாறிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகளுக்கு உட்பட்டு, வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதற்கு எதிரான உரிமையை வழங்குகிறது. நமது 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, முடிவுக்குப் பயன்படும் தரவு சரியாக இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. மனிதர் ஒருவரின் மறுஆய்வைக் கோரும் தனியுரிமையை அதில் காணோம்.

இக்குறையை நீக்க மூன்று விதிகள் தேவை. உதவியை நிறுத்துமுன் எழுத்து மூலம் அறிவிப்புத் தருதல் வேண்டும். எந்தப் பதிவேட்டின் எந்தக் குறிப்பினால் என்பதை அதில் விளக்குதல் வேண்டும். அலுவலர் ஒருவர் நேரில் விசாரித்துக் கையொப்பமிடும்வரை உதவி தொடர்தல் வேண்டும்.

இவ்விதிகள் வரும்வரை களப்பணியாளர் வாளாவிருத்தல் கூடாது. ‘கணினி மறுத்துவிட்டது’ என்று கூறி எவரையும் திருப்பி அனுப்பாமல், மறுப்பின் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். உணவுப் பங்கீடு பற்றியதாயின், 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு முறையீடு செய்ய வழியுண்டு. எழுதப் படிக்க அறியாதோருக்கு அம்முறையீட்டை எழுதித் தருவது ஆசிரியர்கள் ஆற்றத்தக்க நற்பணியாகும்.